சங்கு ஊதிவிட்டு வரும் பூகம்பம்

அலுவலகம் என்னை வெளிநாட்டுப் பயணமாக அனுப்பிவைத்த ஊர் திருநெல்வேலி. இத்தாலியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் கணக்கில் அது வெளிநாடுதான். என் கணக்கிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செங்கல்பட்டைத் தாண்டினால் எல்லாம் ஒரே ஊர். அந்த மிதப்போடுதான் தொண்ணூற்றொன்பதாம் வருடம் பங்குனி வெயிலில் நெல்லை ஜங்ஷனில் போய் இறங்கினேன்.

கூட வந்தவர் மார்க்கோ. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பட்டறையில் மூத்த ஆள். நெடுநெடுவென்று உயரம், எந்நேரமும் பசி. அவருடைய ஊரில் நிலம் அடிக்கடி நடுங்கும். சின்ன வயதில் ஒரு நடுக்கத்தில் பள்ளிக்கூடம் இடிந்து, பிறகு கூடாரத்தில் உட்கார்ந்து படித்தவர். நாங்கள் பார்க்கப் போவது ஒரு பள்ளிக்கூடம் என்று கேட்டதுமே, ஊர் பெயரைக்கூடக் கேட்காமல் பெட்டி கட்டிவிட்டார்.

எங்களோடு மூன்றாவது பயணி ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஓர் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் கட்டுக்கட்டாக, நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பிகள். சாதாரண இரும்புக் கம்பியை ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் இழுத்தது இழுத்ததுதான். இந்தக் கம்பி நீளும். விட்டால் தன் பழைய நீளத்துக்கே வந்து சேரும். அப்படிப் போய் வருகிற வழியில் ஆட்டத்தின் வேகத்தையும் தின்றுவிடும். பழைய சுவரும் கூரையும் சேரும் இடத்தில் இதைப் பூட்டி வைத்தால், நிலம் ஆடும்போது சுவர் பிய்த்துக்கொண்டு விழாது. இத்தாலியில் எங்கள் பக்கத்துப் பழைய மணிக்கூண்டுகளில் அப்போதுதான் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். கடல் தாண்டி ஒரு கட்டடத்தில் வைக்கப்போகிறோம் என்று எங்கள் இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கட்டடம், ஆழ்வார்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில், மிஷன் காலத்தில் எழும்பிய பெண்கள் பள்ளிக்கூடம். வழக்கு நடப்பதால் கிராமத்தின் பெயரைச் சொல்லவில்லை. மாடிச் சுவரில் விரிசல் விட்டு, மாடியை மூட வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். மாடியில்தான் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும். மூடினால் எட்டாவதோடு படிப்பு சரி. யாரோ ஓர் ஊர்ப் பெரியவர் எங்கள் செலவை ஏற்றுக்கொண்டு அழைத்திருக்கிறார் என்று மட்டும் எனக்குத் தெரியும். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் எல்லா முட்டாள்தனமும் தொடங்குகிறது.

பெரியவர் அனுப்பிய அம்பாசிடர் கார் சேரன்மகாதேவி வரைக்கும் மரியாதையாக வந்தது. அதன் பிறகு மூடியைத் திறந்தால் ஆவி. டிரைவர் முருகன் எந்தப் பதற்றமும் இல்லாமல் இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தண்ணி குடிக்கும் சார். பைய போவோம்" என்று மார்க்கோவிடம் சொன்னார். மார்க்கோ என்னைப் பார்த்தார். "கார் ஓய்வெடுக்கிறதாம்" என்று மொழிபெயர்த்தேன். "எங்கள் ஊர் ரயில்வேகாரர்கள் மாதிரி" என்றார்.

கார் நின்ற இடத்தில் ஒரு டீக்கடை. மார்க்கோ எங்கே போனாலும் வித்தை காட்டுவதற்கென்று ஒரு தனிக் கம்பி வைத்திருப்பார். அது சூடு பட்டால் நிமிரும் வகை. விமானத்தில் உட்கார்ந்து அதை ஒரு மீனாக வளைத்து வைத்திருந்தார். டிக்கியைத் திறந்தால் மீனைக் காணோம். ஈர்க்குச்சி மாதிரி நேராகப் படுத்திருந்தது. நெல்லை வெயிலில் டிக்கிக்குள்ளேயே வித்தை முடிந்துவிட்டது. அவர் அசரவில்லை. மறுபடி சுருட்டி, கடைக்காரரின் டீ கிளாசுக்குள் முக்கினார். கம்பி சடக்கென்று நிமிர்ந்து நின்றது.

"ஏ யப்பா!" என்றார் கடைக்காரர். "சொரணையுள்ள கம்பில்லா இது! வளைச்சா நிமிருதே!"

பெஞ்சில் இருந்த இன்னொருவர் நிதானமாகச் சொன்னார்: "நம்ம வார்டு மெம்பருக்கு ரெண்டு வாங்கி முதுகுல கட்டணும், அண்ணாச்சி."

கடை முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பத்து வருடப் படிப்பு அது. ஒரே வரியில் விளக்கம் சொல்லி முடித்துவிட்டார்கள்.

கார் ஓய்வெடுத்து முடிவதாகத் தெரியவில்லை. மரப்பெட்டியைச் சரக்கு வேனில் ஏற்றிவிட்டுத் தென்காசி பாசஞ்சரைப் பிடித்தோம். மீட்டர்கேஜ் ரயில், மரப் பெஞ்சு, ஜன்னல் வழியாக வயலும் வாழையும். ரயில் ஓரிடத்தில் ஆற்றுக்குப் பக்கமாகப் போகும்போது வண்டியே குளிர்ந்த மாதிரி இருந்தது. எதிரில் இருந்த அம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்து, பழக்கமே இல்லாத எங்களுக்கு வாழை இலைத் துண்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்துக் கொடுத்தார். மிலான் போகும் ரயிலில் யாராவது இப்படித் தந்தால் போலீசைக் கூப்பிடுவார்கள். மார்க்கோ இரண்டாம் முறையும் கை நீட்டினார்.

பக்கத்தில் ஓய்வு பெற்ற கிளார்க் ஒருவர். வெள்ளைக்காரரின் ஊர், வேலை, பிள்ளைகள் எல்லாம் விசாரித்துவிட்டு, "அவிய ஊர்ல பூமி ஆடுமோ?" என்றார்.

"அடிக்கடி ஆடும்."

"இங்கன ஆடாது. தாமிரபரணி இருக்குல்லா. ஈரமான மண்ணு எப்படி ஆடும்?"

ஈரமான மண்தான் கூடுதலாக ஆடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சோறு கொடுத்த அம்மாள் அவருடைய மனைவி என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆழ்வார்குறிச்சியில் இறங்கினால் மரப்பெட்டியைக் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் பின்னால் உள்ள ஸ்டேஷன்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டார். கல்லிடைக்குறிச்சியில் அகப்பட்டது. அங்கே அப்பள வியாபாரிகளுக்குக் காலிப் பெட்டிகள் ரயிலில் திரும்பி வருவது வழக்கம். மரப்பெட்டி என்றாலே தங்கள் ஊருக்கு வருவதுதான் என்று சுமைகாரர்கள் எங்கள் பெட்டியையும் சேர்த்து இறக்கி, ஓர் அப்பளக் கடை வாசல் வரைக்கும் கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் அது பஸ் கூரையில், வாழைத்தார்களுக்கு நடுவில், ராஜா மாதிரி வந்து இறங்கியது. கூடவே மன்னிப்புக்காக ஒரு பெரிய பொட்டலம் அப்பளம்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியை ஜெபமணி டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கைத்தறிச் சேலை, உரத்த குரல், கையில் சாக்பீஸ் தூள். "வாங்கம்மா. வெள்ளைக்காரருக்கு இட்லி ஆகுமா?" என்றவர், மார்க்கோ எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று பார்த்த பிறகு அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

கட்டடம் அழகு. சுண்ணாம்புக் காரை, தடித்த செங்கல் சுவர், தேக்கு உத்திரம், ஓட்டுக் கூரை, மூலையில் சின்ன மணிக்கூண்டு. மாடியில் பத்தாம் வகுப்புச் சுவரில் விரிசல் மேலிருந்து கீழாக ஓடியிருந்தது. ஓரிடத்தில் என் சுண்டுவிரல் நுழைந்தது. தொட்டால் காரை மாவாக உதிர்ந்தது. இவ்வளவு தடித்த சுவர், பூகம்பமே வராத ஊரில், எப்படி இப்படி ஆனது என்று எனக்குப் புரியவில்லை. மார்க்கோ விரிசலை முகர்ந்து பார்த்தார். அது அவர் பழக்கம். "பழைய விரிசல் இல்லை, புதிது" என்றார்.

சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல். மத்தியானத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாள் கட்டத்திலும் ஒரே வார்த்தை: வெடி.

"இது என்ன பாடம், டீச்சர்?"

"அது பாடம் இல்லம்மா. பின்னால கல் குவாரி இருக்குல்லா? வெடிக்கிற நேரம். செவரு பக்கத்துல பிள்ளைங்க இருக்கக் கூடாதுன்னு அந்த நேரத்துக்கு எல்லாத்தையும் மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். முந்தி விளையாட்டு பீரியடு. இப்ப வெடி பீரியடு."

சர்வ சாதாரணமாகச் சொன்னார். மத்தியானம் நானே பார்த்தேன். தூரத்தில் சங்கு ஊதியது. பிள்ளைகள் வரிசையாக இறங்கி வேப்பமரத்தடியில் போய் நின்றார்கள். சத்துணவு ஆயா அடுக்கி வைத்த தட்டுகளின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். எதிர்க்கடைக்காரர் மிட்டாய் ஜாடிகளை மார்போடு அணைத்துக்கொண்டார். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் பரணிலிருந்து பாத்திரங்களைத் தரையில் இறக்கி வைத்தார்கள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்று குடத்தை எடுத்து வைப்பது போல எல்லோரும் அவரவர் இடத்தில் தயாராக நின்றார்கள்.

பிறகு வெடி. வயிற்றுக்குள் யாரோ குத்திய மாதிரி ஓர் அதிர்வு. ஓடுகள் கடகடத்தன. மாடி ஜன்னலிலிருந்து காரைத் தூள் புகையாகக் கொட்டியது. ஆயா தட்டுகளிலிருந்து கையை எடுத்தார். பிள்ளைகள் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினார்கள்.

மார்க்கோ முகம் வெளுத்திருந்தது. "எங்கள் ஊரில் பூமி யாரிடமும் கேட்காமல் ஆடும்" என்றார். "இங்கே சங்கு ஊதிவிட்டு ஆடுகிறதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. சக்கரம் முதல் கூரை வரை வெள்ளைக் கல்தூள். இறங்கியவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு.

"வாங்கம்மா, வாங்க. வண்டி மக்கர் பண்ணிட்டாமே?" என்றவர் ஜீப் பக்கம் திரும்பி, "ஏலே முருகா, ரேடியேட்டரப் பாருன்னு சொன்னேனா இல்லையாலே?" என்றார். நேற்றைய டிரைவர் முருகன் ஜீப்பின் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து தலையைச் சொறிந்தார்.

எங்களை அழைத்த ஊர்ப் பெரியவர் அவர்தான். அந்தக் குவாரியும் அவருடையதுதான். ஊரில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணாச்சி வீட்டில், நேரம் பிந்திய மத்தியானச் சாப்பாடு. தலைவாழை இலை, சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். கோபமாக இருந்த எனக்கும் சொதியைக் குறை சொல்ல முடியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"பேப்பர்ல போட்டிருந்தான். இத்தாலியில ஒரு கம்பிய வச்சு கோபுரத்த நிறுத்துதாவன்னு. நம்ம ஊருக்கு வந்தா என்னன்னு நெனச்சேன். பள்ளிக்கூடம் நம்ம பிள்ளைங்க படிக்கிற எடம்லா? நான் ஒரு பக்கம் வெடிக்கேன், நீங்க ஒரு பக்கம் தாங்குங்க. செவரும் நிக்கட்டும், பாறையும் ஒடையட்டும். யாருக்கு நட்டம்?"

"வெடியைக் குறைக்கலாமே?" என்றேன்.

"கொறச்சா கட்டுப்படியாகாதும்மா. நீங்க கம்பிய மாட்டி, இனிமே ஆபத்து இல்லன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க. குவாரி மேல மனு போட்டிருக்காவ. அதக் காட்டினா மனு செத்துப் போவும்."

அவர் கெட்டவர் போலப் பேசவே இல்லை. பாயசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி உபசரித்தார். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. எங்கள் கம்பியை அவர் வரவழைத்தது சுவரைத் தாங்குவதற்கு அல்ல, தன் வெடியைத் தாங்குவதற்கு.

மூன்றாம் நாள் முழுக்க அளந்தோம். அதிர்வைக் காகிதச் சுருளில் கோடாக இழுக்கும் கருவி ஒன்று கொண்டு போயிருந்தோம். அதை மாடியில் வைத்தோம். மார்க்கோ மத்தியானச் சாப்பாட்டையும் மறந்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்; நான் அவரை அறிந்த காலத்தில் அப்படி நடந்தது அன்றுதான். வெடித்த பிறகு சுருளை விரித்துப் பார்த்தோம். நான் பயந்ததுதான் இருந்தது.

எங்கள் கம்பி பெரிய ஆட்டத்துக்கானது. சுவர் நன்றாக அசைந்து, கம்பி நீண்டால்தான் அது வேலையைத் தொடங்கும். வெடியின் அதிர்வு அப்படி இல்லை. சுருக்கென்று வந்து, கம்பி கண் திறப்பதற்குள் போய்விடும். ஆனால் போகும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி காரையை உதிர்த்துவிட்டுப் போகும். ஒருநாள் கம்பி மட்டும் பத்திரமாக இருக்கும். அது பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்காது.

"நாம் காவல்காரனைக் கொண்டு வந்திருக்கிறோம்" என்றார் மார்க்கோ. "வீட்டுக்காரனே தினமும் ஒரு செங்கல்லைப் பிடுங்கினால் காவல்காரன் என்ன செய்வான்?"

கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கதவை மூடினால் வேகிறது, திறந்தால் ஊரே கேட்கிறது. திறந்தே வைத்து இயக்குநரிடம் பேசினேன். இத்தாலி மொழியில் கத்தினால் யாருக்கும் புரியாது என்ற தைரியம்.

"மாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வா" என்றார் அவர். "சுவர் நிற்பதும் விழுவதும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

"பிறகு என்றால் பிள்ளைகளின் தலைமேல்."

"உன் ஒப்பந்தம் இந்த வருடம் முடிகிறது. மறந்துவிடாதே."

"மாட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பூத்காரர் பில்லைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, "வீட்டுல சண்டையாம்மா?" என்று பரிவாகக் கேட்டார்.

இயக்குநரிடம் சொல்வது சுலபம். ஜெபமணி டீச்சரிடம் சொல்வதுதான் கஷ்டம். மாடியில், விரிசலுக்கு முன்னால் நின்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பெஞ்சுகளை ஒழுங்காக இழுத்துப் போட்டார்.

"ஏதோ ஒண்ண மாட்டிட்டுப் போங்கம்மா. நீங்க எழுதிக் குடுத்தா மாடிய மூட மாட்டாவ. மூடினா இந்தப் பிள்ளைங்க எங்கன போகும்? பொம்பளப் பிள்ளைய பஸ் ஏத்தி அம்பாசமுத்திரம் அனுப்புவாவளா? படிச்சது போதும்னு முறத்தத் தூக்கி மடியில வச்சிருவாவ. நான் இருபது வருஷமா ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு கூட்டியாந்த பிள்ளைங்க."

முறம் என்பது பீடி சுற்றும் முறம். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடிதான் சுற்றுகிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்கு அந்த முறம் காத்திருக்கும்.

"டீச்சர், நான் எழுதிக் கொடுத்தால் அதைக் காட்டி அவர் வெடியைக் கூட்டுவார். இந்தச் சுவர் அதைத் தாங்காது. மாடியில் பிள்ளைகள் இருக்கும்போது விழும்."

"அப்ப என்னத்துக்கும்மா வந்திய?" என்று கத்தினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கடைசிப் பெஞ்சையும் இழுத்துப் போட்டார். பிறகு, "சாயங்காலம் பெத்தவங்கள வரச் சொல்லியிருக்கேன். இத நீங்களே அவிய கிட்டச் சொல்லுங்க. என்னால சொல்ல முடியாது" என்றார்.

கீழ்த்தளக் கூடத்தில் கூட்டம். வந்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும். கூட்டம் என்பதற்காகக் கை நிற்கவில்லை. நான் பேசப் பேச, கத்திரிக்கோலின் சத்தமும் இலை சுருளும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஒன்றை எடுத்து ஒடித்துக் காட்டினேன். உங்கள் சுவர் இது, வளையாது, ஒடியும். எங்கள் கம்பி வளையும். ஆனால் தினமும் ஒடிபடுகிற சுவரைக் கம்பியால் காப்பாற்ற முடியாது என்றேன். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லி முடித்தேன்.

"வெள்ளைக்காரன் கம்பியும் ஒப்புக்குத்தானா" என்று பின்னாலிருந்து யாரோ சலித்துக்கொண்டார்கள்.

முன்வரிசையில் இசக்கியம்மாள் என்று ஒருவர். அவர் மகள் பத்தாம் வகுப்பு. சுற்றிய பீடியின் நுனியை நகத்தால் மடக்கிக்கொண்டே கேட்டார்: "வெடிக்கலன்னா செவரு நிக்குமா?"

"பூசிச் சரி செய்தால் நிற்கும்."

"அப்புறம் பூமியே ஆடினா?"

"அதற்கு இந்தக் கம்பி போதும்."

"அப்ப வெடிதான் நிக்கணும். கம்பியக் கொற சொல்லி என்ன ஆவப் போவுது?" அவர் ஜெபமணி டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சரு, சிவப்புக் கொடி நட்டிருக்கிற எடத்துக்குள்ள ஆள் இருந்தா வெடிக்க மாட்டாவல்லா?"

"மாட்டாவ. அது சட்டம்."

"கொடிக்கு உள்ள ஓடைக்குப் போற பாத ஒண்ணு இருக்கே. அது அண்ணாச்சிக்குச் சொந்தமா?"

"இல்ல. ஊர்ப் பாத."

இசக்கியம்மாள் அடுத்த இலையை எடுத்துக்கொண்டார். இத்தனை நாள் சங்கு ஊதியதும் ஊர் விலகிப் போனது. பாத்திரத்தை இறக்கியது, பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப் போனது. நானும் பெட்டி நிறையக் கம்பியோடு அதே வேலைக்குத்தான் வந்திருந்தேன். தாங்கிக்கொள்வதற்கு இன்னும் கொஞ்சம் நல்ல ஏற்பாடு. பூமியிடம் போய் ஆடாதே என்று சொல்ல முடியாது, சரி. அண்ணாச்சியிடம் சொல்லலாமே! எனக்கு அது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது.

நாலாம் நாள் காலையில், பாறைக் குழிகளில் வெடிமருந்து ஏற்றுவதற்கு வெகு நேரம் முன்பே, பெண்கள் அந்தப் பாதையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சிவப்புக் கொடிக்கு உள்ளே, கருவேல மர நிழலில், ஓடை வரைக்கும் வரிசை. பாய், தூக்குச்சட்டி, தண்ணீர்க் குடம், மடியில் முறம். நானும் போய் உட்கார்ந்தேன். மார்க்கோவை வர வேண்டாம் என்றேன். வெளிநாட்டுக்காரர், போலீஸ் வந்தால் வம்பு. "நான் கூடாரத்தில் படித்தவன்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் சம்மணமிட முயன்றார். கால் மடங்கவில்லை. ஒரு பாட்டி அவர் கையில் இலையைக் கொடுத்துப் பீடி சுற்றச் சொன்னார். அவர் சுற்றியது சுருட்டு அளவுக்கு வந்தது. "இத அடிச்சா அடுத்த பீடி தேவையில்ல, ஆளையே பொதைச்சிரலாம்" என்றார் பாட்டி. மொழிபெயர்க்காமலே மார்க்கோவுக்குப் புரிந்துவிட்டது.

குவாரியில் வெடி வைப்பவர் காக்கிச் சட்டையோடு வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ஒரு பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். மத்தியானம் வழக்கம்போல் சங்கு மட்டும் ஊதியது. யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை ஊதியது. பேச்சுகூட நிற்கவில்லை, யாருடைய மதினி யாரோடு சண்டை போட்டாள் என்ற கதை அதன் பாட்டுக்கு நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஜெபமணி டீச்சர் பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பவில்லை என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு வெடி பீரியடில், கீழ்த்தளக் கூடத்தில் வைத்துப் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. அண்ணாச்சி முகத்தில் சிரிப்பு இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க படிச்சவிய. நான் கூப்பிட்டு வந்த விருந்தாளி. இது நல்லாயிருக்காம்மா?"

எழுந்து நின்றேன். "கம்பியைத் திருப்பி எடுத்துப் போகிறேன். உங்கள் வெடி நின்ற பிறகு கூப்பிடுங்கள், என் சொந்தச் செலவில் வந்து மாட்டித் தருகிறேன். அதுவரைக்கும் என் கையெழுத்து கிடைக்காது."

அவர் வெடி வைப்பவரைக் கூப்பிட்டார். "ஏலே, இவிய எந்திரிச்சுப் போவாவ. நீ மருந்த ஏத்து."

"ஆள் இருக்கையில நான் தொட மாட்டேன், அண்ணாச்சி" என்றார் அவர். "லைசென்சு எம் பேர்ல இருக்கு. எம் பிள்ளையும் இந்தப் பள்ளிக்கூடந்தான்."

அண்ணாச்சிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. குவாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். லாரிகள் வரிசையாகக் காலியாக நின்றன. கல் உடைக்கும் எந்திரம் நின்றிருந்தது. ஆட்கள் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் பெண்களின் வரிசையைப் பார்த்துக் கத்தினார்: "எத்தன நாளைக்கு இப்படி உக்காந்து கெடப்பிய? சோலி கீலி ஒண்ணும் கெடையாதா ஒங்களுக்கு?"

இசக்கியம்மாள் தலையைத் தூக்கவில்லை. இலையில் தூளை வைத்து, உருட்டி, நூலைச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தார். முடிந்த பீடியை முறத்தில் வைத்தார்.

"எங்க சோலியத்தான பாத்துக்கிட்டிருக்கோம், அண்ணாச்சி. ஒங்க சோலிதான் நிக்குது."